‘கிராண்ட் ஓல்ட் பார்ட்டி’: யாருக்கு எவ்வளவு வயசு?

தினமும் இங்கிலீஷ் நியூஸ் ஆப் ஸ்க்ரோல் பண்றவரா நீங்க? அப்போ ‘கிராண்ட் ஓல்ட் பார்ட்டி’ என்ற பெயர் கண்டிப்பா கண்ணில் பட்டிருக்கும். அமெரிக்கச் செய்தி என்றால் அது குடியரசுக் கட்சி, சுருக்கமா ஜி.ஓ.பி. இந்தியச் செய்தி என்றால் காங்கிரஸ். கட்சியின் இன்னொரு பெயர் மாதிரி இதைச் சாதாரணமா எழுதிட்டுப் போறாங்க. என்னைக் கேட்டால், அந்தப் பெயருக்குள் ஒரு கருத்து ஒளிஞ்சிருக்கு.

அமெரிக்காவையே எடுத்துக்குவோம். குடியரசுக் கட்சி தொடங்கியது 1854-இல். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியோ 1828 வாக்கிலேயே உருவாகிவிட்டது. ‘ஓல்ட்’ பட்டம் ஒட்டிக்கொண்டது இரண்டில் இளைய கட்சிக்கு! 1870-களில் இந்தப் பட்டம் பரவியபோது அந்தக் கட்சிக்குக் கிட்டத்தட்ட நம்ம வயசுதான். லிங்கனின் கட்சி, உள்நாட்டுப் போரில் நாடு உடையாமல் காத்த கட்சி என்ற பெருமைதான் அதில் இருந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். காங்கிரஸ் 1885-இல் பம்பாயில் தொடங்கியது. வயசு என்னவோ நிஜம்தான். ஆனால் 1969-இல் கட்சி உடைந்தபோது ‘பழைய காங்கிரஸ்’ என்று அழைக்கப்பட்டது காமராஜர் இருந்த ஸ்தாபன காங்கிரஸ். இன்றைய காங்கிரஸ் இந்திரா காந்தி பக்கத்திலிருந்து வந்தது. அன்றைக்குப் ‘புதிய’ பக்கம், இன்றைக்கு ‘ஓல்ட்’!

இப்போது அந்தச் சொல் செய்யும் வேலையைக் கவனிங்க. கட்சி ஜெயித்த செய்தியில் வந்தால் அனுபவசாலி என்று தொனிக்கும். தோற்ற செய்தியில் வந்தால் காலாவதியானது என்று குத்தும்.

“தலைப்பில் இடம் கம்மி, அதனால்தான்” என்று சிலர் சொல்லலாம். ஜி.ஓ.பி.க்கு அது பொருந்தும். ‘காங்கிரஸ்’ என்பதை விட ‘கிராண்ட் ஓல்ட் பார்ட்டி’ எந்த விதத்தில் சின்னது?

நம்மில் பலர் இப்போதுதான் முதல் ஓட்டுப் போடப் போகிறோம். அதனால் ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க. பட்டப்பெயரை எடுத்துட்டு, கட்சியின் பெயரைப் போட்டு அந்த வாக்கியத்தை மறுபடி படிங்க. மரியாதையோ கிண்டலோ குறைந்தால், குறைந்த அந்தப் பகுதி எழுதியவருடைய கருத்து. கருத்துக் கட்டுரையில் அது தாராளமா இருக்கட்டும். செய்தியில் கட்சிக்கு அதன் பெயரே போதும்.