பாட்டுக்கு 40 கோடி பார்வை. பாடியவருக்கு என்ன கிடைத்தது?
'ராப்' கலையா, வியாபாரமா? கணக்கில் கிளம்பிய சிக்கல்!

சங்கரன்கோவில் பஸ் நிலையமானாலும் சரி, ஆடித்தபசுக் கூட்டமானாலும் சரி, இளவட்டங்களின் செல்போனில் கேட்பது 'ராப்' பாட்டுதான். “ஏழைகளின் குரலாகப் பிறந்த கலை, இப்போ வெறும் வியாபாரமாயிட்டுதே!” என்று அங்கலாய்ப்பவர்களும் உண்டு.

ஆனால், இதில் காசு என்று நுழைந்தது? 1973 ஆகஸ்டு 11-ல் நியூயார்க் பிராங்ஸ் பகுதியில், ஒரு குடியிருப்பின் பொது அறையில் கூல் ஹெர்க் இசைத்தட்டுச் சுழற்றினார். ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஏற்பாடு செய்தவர் அவர் தங்கை சிண்டி. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத் துணி எடுக்கப் பணம் வேண்டும்! பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். கலை பிறந்த அன்றே கல்லாப்பெட்டியும் பிறந்துவிட்டது.

நம்ம பக்கத்து வில்லுப்பாட்டு மட்டும் என்னவாம்? கோவில் கொடைக்கு அச்சாரம் வாங்கித்தான் வில்லைத் தூக்குகிறார்கள். அதை யாரும் குறை சொல்வதில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

'எஞ்சாய் எஞ்சாமி' விவகாரத்தைப் பாருங்கள். 2021 மார்ச்சில் 'மாஜா' நிறுவனம் வெளியிட்டது. பாடியவர்கள் தீ, அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் கதையை, நிலமற்றவர்களின் கதையை அறிவு அதில் வைத்தார். யூடியூபில் 40 கோடி தடவைக்கு மேல் பார்த்தாகிவிட்டது.

முதலில் பெயரில் தகராறு. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டைப்படத்தில் தீ இருந்தார், அறிவைக் காணோம். இயக்குநர் பா.இரஞ்சித் கண்டித்தார். பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க மேடையிலும் அறிவு இல்லாமலே பாட்டு ஒலித்தது. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. பாட்டை எழுதி, மெட்டமைத்துப் பாடியது தானே என்று அறிவு வெளிப்படையாகப் பதிவு போட்டார். மூவரின் கூட்டு உழைப்பு, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ் நாராயணன்.

எதில் சமம்? 2024 மார்ச்சில் அவரே குண்டைத் தூக்கிப் போட்டார்: மூன்று வருஷமாக அந்தப் பாட்டால் ஒரு பைசா கூட வரவில்லையாம்!

யூடியூப் பணம் பாடியவர் வீடு தேடி வராது. எந்தச் சேனலில் பாட்டு ஏறியதோ, அவர் கணக்குக்குத்தான் போகும். அங்கிருந்து ஒப்பந்தப்படி பிரிய வேண்டும். பார்வை எண்ணிக்கை திரையில் எல்லாருக்கும் தெரிகிறது. வரவு செலவு தெரிவதில்லை. சண்டை போட்ட மூவரும் அந்த இடத்தில் ஒரே வரிசையில்தான் நின்றார்கள்.

புகாரை 'மாஜா' தரப்பு மறுத்தது.