கட்டுப்பாட்டை இழந்த வாகனங்கள்

"சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகி..." என்ற வாக்கியத்தை எனது பத்திரிகை வாழ்வில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பொலிஸ் தகவலைத் தொலைபேசியில் கேட்டு, இரவுப் பதிப்புக்கு நான்கு வரிகளில் முடித்துவிடும் செய்தி அது. அந்தக் கட்டுப்பாடு சாரதியிடம் முதலில் இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. 2022 இல் என் மனைவியின் தம்பியைப் பற்றி அதே வாக்கியம் அச்சில் வந்த பின்னர்தான் கேட்கத் தோன்றியது.

அவரிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த ஹைலக்ஸ் பிக்கப். யாழ்ப்பாணத்து வெங்காயத்தைத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்வது தொழில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போயிற்று. சின்ன லொறி ஒன்று வாங்கும் அவரது எண்ணமும் அத்தோடு போயிற்று. பின்னர் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் வந்தது. இரண்டு பயணத்துச் சுமையை ஒரே பயணத்தில் ஏற்ற யாருக்குத்தான் ஆசை வராது? கராஜ் ஒன்றில் பின்பக்கம் இரண்டு பக்கத்திலும் மேலதிக ஸ்பிரிங் தகடுகளைப் போட்டுக்கொண்டு வந்தார். "அத்தான், இனி ரெண்டு தொன் ஏத்தினாலும் குந்தாது" என்றார். உண்மைதான், குந்தவில்லை. குந்தாததுதான் வினையாயிற்று.

இத்தகைய பிக்கப்புகளின் பின்பக்கத்தில், உடலுக்கும் அச்சுக்கும் இடையே மெல்லிய கம்பி ஒன்று ஓடுகிறது. அது பிறேக் வால்வு ஒன்றோடு இணைந்தது. சுமையால் உடல் தாழும்போது, "பாரம் இருக்கிறது, பின் பிறேக்குக்கு அழுத்தம் கூட்டு" என்று அந்தக் கம்பி வால்வுக்குச் சொல்கிறது. வெறும் வண்டியின் பின்சில்லுகள் இறுகி வழுக்காதிருக்க யப்பானியப் பொறியியலாளர் செய்த ஏற்பாடு இது. தகடுகளைக் கூட்டி உடலை உயர்த்தியதும் கம்பி ஏமாந்துவிடுகிறது. முதுகில் இரண்டு தொன் இருக்க, வண்டி வெறுமை என்றே வால்வு நம்புகிறது. பின் பிறேக் பாதி உறக்கத்தில் இருக்க, முழுவேலையும் முன்சில்லுகளின் தலையில் விழுகிறது.

முறிகண்டிக்கு அப்பால், மழையில், மாடு ஒன்று குறுக்கே வந்தபோது நடந்தது இதுவே. முன்சில்லுகள் இறுகின, ஸ்டியரிங் பயனற்றுப் போயிற்று, வண்டி வடிகாலுக்குள் இறங்கியது. மைத்துனரின் கை முறிந்தது. உதவிக்குச் சென்ற பையனுக்குக் கால். அவன் இன்றும் சற்று இழுத்துத்தான் நடக்கிறான். மாடு தப்பிவிட்டது.

பழைய வண்டியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரை ஓட்டிய ஊரைச் சேர்ந்தவன் அப்படிச் சொல்ல முடியாது. நான் குறைசொல்வது பாதி வேலையை முழு வேலை என்று விற்பதை. தகட்டின் தடிப்பு இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். லொறித் தகட்டைப் பிக்கப்பில் செருகுபவர் இதை எண்ணுவதில்லை. அந்த விறைப்பை அடக்கப் பழைய சொக் அப்சோபருக்கு வலுவில்லை. வெறுமையாகத் திரும்பும்போது பின்பக்கம் துள்ளி, ஈரவீதியில் பிடியை இழக்கும்.

ஸ்பிரிங் தாங்கினாலும் அச்சு தாங்க வேண்டுமே! இவ்வகைப் பிக்கப்பில் சில்லைச் சுழற்றும் அதே தண்டுதான் வண்டியின் பாரத்தையும் சுமக்கிறது. தண்டு முறிந்தால் சில்லே கழன்றுபோகலாம். பாரலொறிகளில் பாரத்தைச் சுமப்பது வெளிக்குழாயும் அதன் பெயரிங்குகளும். தண்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே. அத்தகைய அச்சைப் பஞ்சிகாவத்தையில் தேடி வாங்கிப் பொருத்துவோரும் உளர். அதையும் அரைகுறையாகச் செய்ய முடியாது. ஸ்பிரிங் அமரும் இருக்கையைச் சரியான கோணத்தில் ஒட்டாவிட்டால் நெடுந்தண்டு அதிரும். பல்விகிதம் மாறினால் வேகமானி பொய் சொல்லும். நான்கு சில்லும் இழுக்கும் வண்டியாயின் முன்னச்சின் விகிதமும் பின்னச்சோடு ஒத்திருந்தாக வேண்டும். இவ்வளவுக்கும் பணம் கொடுக்க மனமில்லாதவர், சுமை ஏறியபின் மட்டும் தொடும் துணைத்தகடு ஒன்றைப் போட்டு, கம்பியைச் சீர்செய்து, ஒரு தொன்னோடு நிற்பதே எனது கட்சி.

அந்த வண்டி விபத்துக்கு முந்திய மாதம் புகைப் பரிசோதனையில் சித்தியடைந்து, வருமான உத்தரவுப் பத்திரமும் பெற்றிருந்தது. குழாயில் வரும் புகையை அளந்த கையில் ஒரு மின்சூளைக் கொடுத்து அடியில் பார்க்கச் சொல்லியிருந்தால், பளபளத்த புதுத் தகடுகள் தெரிந்திருக்கும். எங்கள் தொழிலும் அதே தவறைத்தான் செய்தது. என்ன சுமை, வண்டியில் என்ன மாற்றப்பட்டது என்ற இரண்டு கேள்விகளை எந்த நிருபரும் கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

வண்டி இப்போது மீண்டும் ஓடுகிறது. புதிய மெக்கானிக் வயதானவர், சிடுமூஞ்சி. மேலதிகத் தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டிக்குக் கீழே படுத்து, அந்தக் கம்பியை விரலால் மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். மைத்துனர் குனிந்து பார்த்தார். இருபது வருடமாக ஓட்டும் வண்டியில் அப்படி ஒரு கம்பி இருப்பதை அன்றுதான் கண்டாராம்.