கேனனா, நிக்கானா? வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

மாணவர்களே, கேமரா வாங்கும் பேச்சு எழுந்தாலே போதும், வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு அணிகள் உருவாகிவிடும். "கேனன்தான் முகத்தை அழகாகக் காட்டும்" என்பார் ஒருவர். "நிக்கானை அடித்துக்கொள்ள ஆளில்லை" என்பார் இன்னொருவர். இரு தரப்பும் உறுதியாகப் பேசுவார்கள். ஆனால் எதையும் அளந்து பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் குறைவு. அறிவியல் படிக்கும் நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே தரத்தில், ஒரே விலையை ஒட்டி வரும் இரண்டு கேமராக்களில் எதை வாங்கினாலும் உங்கள் படத்தில் பெரிய மாற்றம் வராது. லென்ஸும் முக்காலியும் வெளிச்சத்தைப் பற்றிய உங்கள் அறிவும்தான் படத்தை மாற்றும். ஆகவே கேமரா உடலுக்கு எல்லாப் பணத்தையும் கொட்டாதீர்கள்.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களில் பலவற்றுக்குக் கேமரா என்பது அடிக்கடி வாங்குகிற பொருள் அல்ல. அம்மா அப்பாவின் மாதச் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. பள்ளிக் கழகத்தின் கதையும் அதுதான். ஒரு கேமரா வாங்கினால் பல ஆண்டுகளுக்கு அதே கேமராதான். எனவே கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

காகிதத்தில் உள்ள வேறுபாடு

எடுத்துக்காட்டுக்கு, மாணவர்களிடையே அதிகம் ஒப்பிடப்படும் இரண்டை எடுத்துக்கொள்வோம்: கேனன் இஓஎஸ் 1500டி, நிக்கான் டி3500. இரண்டும் 2018ஆம் ஆண்டில் வெளிவந்தவை. புதிதாகத் தொடங்குவோருக்காகச் செய்யப்பட்டவை. டி3500 தயாரிப்பு நின்றுவிட்டதால் இன்று அதைப் பெரும்பாலும் பிறர் பயன்படுத்திய நிலையில்தான் வாங்க முடியும்.

கேனனில் 24.1 மெகாபிக்சல், நிக்கானில் 24.2 மெகாபிக்சல். இந்த 0.1ஐ வைத்துச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஆனால் இரண்டும் தரும் படத்தின் அளவு ஒன்றே: அகலத்தில் 6000 பிக்சல், உயரத்தில் 4000 பிக்சல். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் இரண்டிலும் 20 அங்குல அகலப் படம் கிடைக்கும். ஆகவே இந்த வேறுபாட்டை மறந்துவிடலாம்.

உணரியின் அளவில் மட்டும் சிறிது வேறுபாடு இருக்கிறது. வெளிச்சத்தை மின்குறியாக மாற்றும் சில்லுதான் உணரி. கேனனின் உணரி 22.3 மில்லிமீட்டர் அகலம், 14.9 மில்லிமீட்டர் உயரம். நிக்கானுடையது 23.5க்கு 15.6. பெருக்கிப் பார்த்தால் கேனனுக்கு ஏறக்குறைய 332 சதுர மில்லிமீட்டர், நிக்கானுக்கு 367. அதாவது நிக்கான் ஏறக்குறைய 10 விழுக்காடு பெரியது. இந்தப் 10 விழுக்காடு படத்தில் தெரியுமா?

ஒளித்துகள் கணக்கு

வெளிச்சம் துகள்துகளாக வருகிறது. மழைத்துளி கூரையில் விழுவது போல அந்தத் துகள்கள் ஒழுங்கற்று விழுகின்றன. ஒரு பிக்சலில் சராசரியாக 100 துகள் விழுந்தால், அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 10 கூடவோ குறையவோ செய்யும். 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100தான். எண்ணிக்கையின் வர்க்கமூலமே அந்தத் தடுமாற்றம். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியது போலத் தெரிகிறதே, அதற்கு முக்கியக் காரணம் இதுதான். இதை இரைச்சல் என்பார்கள்.

முதல் நிலையில் 100க்கு 10, அதாவது பத்தில் ஒரு பங்கு தடுமாற்றம். இரண்டாம் நிலையில் நூறில் ஒரு பங்கு. வெளிச்சம் நூறு மடங்கு கூடினால் படத்தின் தூய்மை பத்து மடங்கு கூடுகிறது.

இப்போது கணக்கைப் போடுங்கள். உணரி 10 விழுக்காடு பெரியதாக இருந்தால், 1.1இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1.05. ஆக, தூய்மை கூடுவது வெறும் 5 விழுக்காடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது.

அடுத்து லென்ஸ். இரண்டு கேமராவுடனும் வழக்கமாக வருவது 18-55 மில்லிமீட்டர் லென்ஸ். அதை 50 மில்லிமீட்டர் பக்கம் நீட்டினால் அதன் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 9.7. ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம்! தூய்மை மூன்று மடங்கு கூடும்.

மூன்றாவது முக்காலி. புக்கிட் மெலாவத்தி கலங்கரை விளக்கத்தை முன்னிரவில் கையில் பிடித்து எடுத்தால் நொடியில் 30இல் ஒரு பங்கு நேரம்தான் கை ஆடாமல் இருக்கும். முக்காலியில் வைத்து 15 நொடி எடுத்தால் 450 மடங்கு வெளிச்சம் சேரும். அந்த வெளிச்சம் முழுவதும் பயன்பட்டால் தூய்மை 21 மடங்கு கூடும்.

நிறுவனத்தை மாற்றினால் 5 விழுக்காடு, லென்ஸை மாற்றினால் 3 மடங்கு, முக்காலி வைத்தால் 21 மடங்கு. பணத்தை எதில் போடுவது என்பதை இந்த மூன்று எண்களே சொல்கின்றன.

மின்மினிகள் நடத்தும் தேர்வு

நம் வட்டாரத்தில் கேமராவுக்குக் கடினமான தேர்வு கம்போங் குவாந்தானில் நடக்கிறது. சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிப் பூச்சிகள் கூட்டமாக, ஒரே தாளத்தில் ஒளிர்கின்றன. துடுப்புப் படகில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். படகு அசைவதால் முக்காலியால் பயனில்லை. எனவே அகலத் துளை லென்ஸ் ஒன்றே துணை.

"நிக்கானில் ஐஎஸ்ஓ 25,600 வரை போகும், கேனனில் வழக்கமாக 6,400தானே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் கேமராவுக்குள் வரும் வெளிச்சம் கூடாது. வானொலியின் சத்தத்தைக் கூட்டுவது போலத்தான் அது. பாட்டோடு கரகரப்பும் சேர்ந்து கூடும்.

ஒரு வேண்டுகோள். இரண்டு கேமராவிலும் தானியங்கி முறையில் விட்டால், இருட்டைக் கண்டதும் ஃபிளாஷ் தானாக எழுந்து வெட்டும். படகில் ஏறுவதற்கு முன்பே அதை அணைத்துவிடுங்கள். மின்மினிகள் துணை தேடுவதற்காக ஒளிர்கின்றன. நம் ஃபிளாஷ் அந்தப் பேச்சைக் குலைக்கிறது. படத்துக்கும் அதனால் நன்மையில்லை. பூச்சியின் ஒளி மறைந்து இலைகள்தான் பளிச்சென்று தெரியும்.

கருங்குரங்கும் வெள்ளை வேட்டியும்

"கேனன் முகத்தை அழகாகக் காட்டும்" என்ற பேச்சில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் வண்ணத்தைத் தனக்கென ஒரு முறையில் பதப்படுத்துகிறது. ஆனால் அது மென்பொருளின் வேலை. படத்தை 'ரா' கோப்பாகச் சேமித்தால் வண்ணத்தைக் கணினியில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஒரு நிறுவனத்தின் வண்ணத்தை மற்றதன் படத்தில் பெருமளவு கொண்டுவந்துவிடலாம்.

முகம் கருத்துப் போவதற்கு வேறு காரணம் உண்டு. கேமராவின் வெளிச்சமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். கோயில் திருவிழாவில் வெள்ளை வேட்டி கட்டிய பத்துப் பேர் வரிசையாக நின்றால், "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகங்கள் இருண்டுவிடும். புக்கிட் மெலாவத்தியில் லோத்தோங் குரங்குகளை எடுத்தால் தலைகீழ். கருஞ்சாம்பல் நிறத் தாயைப் பார்த்து "வெளிச்சம் போதாது" என்று கூட்டிவிடும். மடியில் இருக்கும் ஆரஞ்சு நிறக் குட்டி வெளுத்துப்போகும்.

இரண்டு நிறுவனங்களும் இந்தத் தவற்றைச் செய்யும். தீர்வும் ஒன்றே. வெளிச்ச ஈடு என்னும் அமைப்பை வேட்டிக்கு +1 பக்கமும் குரங்குக்கு −1 பக்கமும் நகர்த்துங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை.

வேறுபாடே இல்லையா?

இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. நிக்கான் டி3500 ஒருமுறை மின்னேற்றினால் ஏறக்குறைய 1,550 படம் எடுக்கும் என்பது நிறுவனக் கணக்கு. கேனன் 1500டி 500 படம். நாள் முழுக்க நடக்கும் திருவிழாவுக்கு இது பெரிய உதவி. நிக்கான் நொடிக்கு 5 படம் எடுக்கும், கேனன் 3. ஓடும் விளையாட்டாளரைப் பிடிக்க இது பயன்படும். நிழற்பகுதியைக் கணினியில் வெளிச்சமாக்கும்போதும் நிக்கான் சற்றுத் தூய்மையாக இருக்கும்.

கேனன் பக்கமும் வலுவுண்டு. அதில் வைஃபை இருக்கிறது. நிக்கானில் புளூடூத் மட்டுமே. அதைவிட முக்கியமானது லென்ஸ். 1987 முதல் கேனன் செய்த இஎஃப் வகை லென்ஸ் எதை மாட்டினாலும் 1500டியில் தானாகக் குவியும். டி3500 உடலில் குவிக்கும் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி போன்ற மோட்டார் உள்ள லென்ஸ்தான் அதில் தானாகக் குவியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மில்லிமீட்டர் ஏஎஃப்-டி லென்ஸை வாங்கினால், கையால்தான் திருக வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் லென்ஸ் மற்றதில் நேரடியாகப் பொருந்தாது. லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து உணரி வரையுள்ள தூரம் கேனனில் 44 மில்லிமீட்டர், நிக்கானில் 46.5. ஆகவே 2.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்றை இடையில் வைத்து நிக்கான் லென்ஸைக் கேனனில் மாட்டலாம், ஆனால் கையால் குவிக்க வேண்டும். கேனன் லென்ஸை நிக்கானில் மாட்டினால் உணரியிலிருந்து தேவைக்கு மேல் தள்ளி நிற்கும். அதனால் தொலைவில் உள்ள பொருள் தெளிவாக விழாது. குவிவில்லைப் பாடத்தில் படித்த பிம்பத் தூரத்தை நினைத்துப் பாருங்கள், காரணம் புரியும்.

எனவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க நான் ஏற்கும் காரணம் ஒன்றுதான்: உங்கள் அண்ணனிடமோ பள்ளிக் கழகத்திடமோ ஏற்கெனவே எந்த நிறுவனத்து லென்ஸ் இருக்கிறது? கடன் வாங்கக்கூடிய லென்ஸ் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போங்கள்.

நீங்களே சோதியுங்கள்

என் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு கேமராவையும் ஒரு பிற்பகலுக்கு இரவல் வாங்க முடிந்தால் ஓர் ஆய்வு நடத்துங்கள். தற்சார்பு மாறி நிறுவனம். சார்பு மாறி படத்தின் தூய்மை. பொருள், நேரம், துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். பத்துக் காட்சிகளை இரண்டிலும் எடுத்து, ஒரே கடையில் அச்சடித்து, பெயரை மறைத்து, "இந்த இரண்டில் எது கேனன்?" என்று நண்பரைக் கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாக வரும். ஒன்பதோ பத்தோ சரியாக வருவதற்கு 1024இல் 11 வாய்ப்புதான். அந்த அளவுக்குச் சரியாகச் சொன்னால் அவர் கண்ணுக்கு உண்மையிலேயே வேறுபாடு தெரிகிறது என்று ஒப்புக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு

பழைய லென்ஸ் வாங்குவதானால் கைவிளக்கை அதன் ஊடே அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்காதீர்கள். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஆற்று முகத்துவாரம் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். கேமராவைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் பூட்டிவைத்தால் பூஞ்சைக்கு விருந்து. காற்றுப் புகாத உணவு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். எந்த நிறுவனமானாலும் கேமராவின் ஆயுளைக் கூட்டும் மலிவான வழி இது.

பெஸ்தாரி ஜெயாவுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்தில், 1917இல், இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில் நடந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் இப்போது செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன. பால்மரம் வெட்டிய கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. லயத்து வீடுகளும் தோட்டத்துக் கோயில்களும் அங்கங்கே மிஞ்சியிருக்கின்றன. எந்தக் கேமரா சிறந்தது என்று நீங்கள் ஆறு மாதம் வாதாடிக்கொண்டிருந்தால் அவை உங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

ஆகவே கிடைப்பதை வாங்குங்கள், மிச்சப் பணத்தில் நல்ல லென்ஸும் முக்காலியும் சேருங்கள். பாட்டியை ஜன்னலோர வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுங்கள். எடுத்த படத்தை இரண்டு இடங்களில் சேமியுங்கள்; யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதிவையுங்கள். முப்பது ஆண்டு கழித்து அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் அதில் இருப்பது யார் என்றுதான் கேட்பார்கள். எந்தக் கேமராவில் எடுத்தது என்று கேட்கமாட்டார்கள்.