அது அடம் இல்லை, அம்மா!

நாலு வயசுப் பிள்ளைக்கு வாயில் எச்சில் வழிந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "அம்மாக்காரிக்கு வாயைத் துடைச்சு விடக்கூட நேரமில்லே போலிருக்கு!" அதே பிள்ளை சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "செல்லம் ஜாஸ்தி. முதுகுல ரெண்டு வச்சா தானா இறங்கும்." பேச்சு வரவில்லை என்றால், "அவங்க தாத்தாகூட அஞ்சு வயசுலதான் பேசினாராம், பொறுத்துக்கோ." ஆளுக்கொரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

இந்த மூன்றும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருந்தால், அது வளர்ப்புக் கோளாறு இல்லாமல் மூளை நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

அப்படி ஒரு கோளாறுக்கு 'வொர்ஸ்டர்-ட்ராட் சிண்ட்ரோம்' என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான்! செசில் வொர்ஸ்டர்-ட்ராட் என்ற ஆங்கிலேய நரம்பியல் டாக்டர் 1956-ல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. உதடு, நாக்கு, அண்ணம், தொண்டை ஆகியவற்றின் தசைகள் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. 'செரிப்ரல் பால்ஸி' என்கிறார்களே, அந்த மூளை முடக்குவாதத்தில் இதுவும் ஒரு வகை. அபூர்வமானது. ஆனால் கை, கால் பெரிதாகப் பாதிக்கப்படாததால் பிள்ளை நடக்கிறது, ஓடுகிறது. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 2000-ஆம் ஆண்டில் லண்டன் டாக்டர்கள் இப்படிப்பட்ட 47 பேரின் விவரங்களை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூர்ந்து பார்த்தால் இவர்களில் பெரும்பாலோருக்குக் கை, கால்களிலும் லேசான விறைப்பு இருந்ததாம்.

இது எப்படி வருகிறது? வீட்டுப் பூட்டுக்கு இரண்டு சாவி இருந்தால், ஒன்று தொலைந்தாலும் இன்னொன்றால் திறந்துகொள்ளலாம் அல்லவா? நாக்குக்கும் தொண்டைக்கும் அப்படித்தான். மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் அவற்றுக்கு உத்தரவு வருகிறது. ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கம் ஓரளவு சமாளித்துவிடும். இரண்டு பக்கமும் பழுதானால்தான் இந்தச் சங்கடம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஸ்கேனில் இது தெரிவதும் இல்லை. "ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்களே" என்று அத்தோடு விட்டுவிடக் கூடாது.

பெரியவர்களுக்கும் இப்படி வருவதுண்டு. ஃபுவா, ஷவானி, மாரி என்ற மூன்று பிரெஞ்சு டாக்டர்கள் 1926-ல் இதைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலும் பக்கவாதத்துக்குப் பிறகு வருவது. இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். "நாக்கை நீட்டுங்க" என்று டாக்டர் சொன்னால் நோயாளியால் முடியாது. "வாயைத் திறங்க" என்றாலும் முடியாது. ஆனால் தானாக வரும் கொட்டாவிக்கு வாய் திறக்கும். சிரிப்பும் அழுகையும் முகத்தில் வரும். நாமாக நினைத்துச் செய்வதற்கு ஒரு வழி, தானாக நடப்பதற்கு வேறு வழி என்று மூளையில் இருப்பதுதான் காரணம். இது தெரியாத வீட்டில் என்ன நடக்கும்? "கொட்டாவி விடத் தெரியுது, மருந்துக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறார். வேணும்னே பண்றார்!" படுத்திருப்பவருக்கு எல்லாம் காதில் விழும். பதில் சொல்லத்தான் முடியாது. எவ்வளவு பெரிய கொடுமை!

எங்கள் உறவில் ஒரு பையனுக்கு இந்தப் பிரச்சனை உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோதே பால் உறிஞ்ச முடியாமல் திணறுவான். குடித்த பால் மூக்கு வழியாக வரும். கேக் வெட்டினால் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க வராது, உதட்டில் ஒட்டிய பாயசத்தை நாக்கால் நக்கி எடுக்க வராது. ஆனால் கடைக்குப் போனால் எந்த பிஸ்கட் பாக்கெட் என்று சரியாக எடுத்து வருவான். ஒரு பள்ளிக்கூடத்தில், "எச்சில் வழியுது, மத்த பிள்ளைங்க முகம் சுளிக்கிறாங்க" என்று சேர்க்க மறுத்தார்கள். அவன் அம்மாவோ, "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா, மாசமா இருக்கும்போது என்ன தின்னே?" என்ற விசாரணைக்கு ஆறு வருஷம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் ஒரு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். பெயர் தெரிந்த அன்று அவள் அழவில்லை. "அப்போ நான் ஒண்ணும் பண்ணலைல்ல?" என்றுதான் கேட்டாளாம்.

அதனால்தான் சொல்கிறேன், சில விஷயங்களை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எச்சில். இந்தப் பிள்ளைகளுக்கு எச்சில் அதிகமாகச் சுரப்பதாக நினைக்கிறோம். பொதுவாக அப்படி இல்லை. பெரியவர்களான நமக்கே தினமும் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. நாம் நம்மை அறியாமல் விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். இவர்களால் அது முடியவில்லை, அவ்வளவுதான். திட்டினால் நிற்காது. கழுத்தில் கட்ட மெல்லிய பருத்தித் துணியும், அன்பாக ஒரு நினைவூட்டலும், தேவைப்பட்டால் டாக்டர் தரும் மருந்தும் உதவும்.

இரண்டாவது, ஊட்டும் முறை. இது உயிர் சம்பந்தப்பட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றுவது, படுக்க வைத்துப் பாலாடையில் புகட்டுவது எல்லாம் ஆபத்து. தொண்டை சரியாக மூடாவிட்டால் பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். அடிக்கடி சளி, காய்ச்சல் என்று படுக்கும் பிள்ளையா? சாப்பிடும்போது இருமுகிறதா என்று பாருங்கள். இவர்களில் பலருக்குத் தண்ணீர் மாதிரி ஓடும் திரவம்தான் அதிகச் சிரமம். கெட்டியான கூழ் பலருக்குச் சுலபமாக இறங்கும். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், சின்ன ஸ்பூனில் கொஞ்சமாகக் கொடுத்து, முழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். எது சரிப்படும் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்வார். பேச்சு மட்டுமல்ல, விழுங்குவதும் அவர்கள் துறைதான். பக்கவாதம் வந்த மாமியாருக்கு ஊட்டும்போதும் இதே கவனம் வேண்டும்.

மூன்றாவது, கை வைத்தியம். வேண்டுதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மனசுக்கு அது ஒரு தெம்பு. ஆனால் பேச்சு வர வேண்டுமென்று கோயில் மணியில் தண்ணீர் ஊற்றி அந்தத் தொண்டையில் விடாதீர்கள். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு நாக்கில் தேன் தடவவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, நல்ல குழந்தையைக்கூட உறிஞ்சவும் விழுங்கவும் முடியாமல் செய்துவிடும்.

நான்காவது, பேச்சு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. சைகையும் படமும் காட்டிப் பழக்கினால் பிள்ளை சோம்பேறியாகி, வருகிற பேச்சும் வராமல் போகும் என்று பல பாட்டிமார் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடத்தான் செய்திருக்கிறது. ஒரு அட்டையில் தண்ணீர், பசி, வலி, பாத்ரூம் என்று நாலு படம் ஒட்டிக் கொடுக்க என்ன செலவு? படத்தைத் தொட்டால் பேசும் 'அவாஸ்' என்ற செயலி நம் சென்னையில் உருவானதுதான், தமிழிலும் பேசும். காதையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். காதுக்குள் நீர் கட்டிக்கொள்வது இந்தப் பிள்ளைகளுக்குச் சகஜம்.

இவர்களில் சிலருக்குப் படிப்பில் சிரமம் இருக்கலாம், சிலருக்கு வலிப்பும் வரலாம். எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். இது முழுசாகக் குணமாகிற நோய் அல்ல. ஆனால் வயதாக ஆக அதுவாகவே முற்றிக்கொண்டே போகிற நோயும் அல்ல. வாய் பேசவில்லை என்பதற்காக "மந்தம்" என்று பிள்ளையின் தலையில் எழுதிவிட நாம் யார்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதமும், பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் பட்டியலிலேயே இருக்கின்றன. பள்ளிக்கூடம் மறுத்தால் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். அரசு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனைக்குக் காசு கிடையாது. 1985-ல் தொடங்கிய சென்னை வித்யாசாகர், 2005-ல் முட்டுக்காட்டில் ஏற்பட்ட மத்திய அரசு நிறுவனம் என்று வழிகாட்ட இடங்கள் இருக்கின்றன.

தோழிகளே, நாம் டாக்டர் இல்லை, எல்லா நோயின் பெயரும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அடுத்த முறை கல்யாண வீட்டில், பந்தியில், எச்சில் வழியும் ஒரு பிள்ளையைப் பார்த்தால், அதன் அம்மாவுக்குப் புத்தி சொல்லக் கிளம்பாமல், "நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கறேன், நீ நிதானமா சாப்பிட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். அவள் ஒரு வேளைச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டு எத்தனை நாளாகிறதோ!

- ஒரு வாசகி, கும்பகோணம்