துதிக்கை போட்ட 'ணை'

கடைப் பலகையைப் பார்த்துவிட்டுத்தானே கடைக்குள் நுழைகிறீர்கள்? அதை எழுதிய குடும்பத்தை எப்போதாவது நினைத்ததுண்டா?

எங்கள் தெருக்கோடியில் ஒரு பட்டறை இருக்கிறது. சுண்ணாம்புத் தூள் தடவிய நூலால் கோடு அடித்து, அப்பா எழுத்துக்கு ஓரம் கட்டுவார். மகன் உள்ளே வர்ணம் நிரப்புவான். பிரஷ்களை அலசி வைப்பது அம்மாவின் இலாகா. அந்த வீட்டு ரசத்தில்கூட டர்ப்பன்டைன் வாசனை அடிக்கும் என்பது அக்கம்பக்கத்தார் கேலி!

தமிழில் பலகை எழுதுவது லேசான காரியமல்ல. 'கோ' காதுக்கு ஓர் எழுத்து, பலகைக்கோ மூன்று! முன்கூட்டியே அளந்து கொள்ளாவிட்டால், 'ஸ்டோர்ஸ்' என்பதன் கடைசி எழுத்தைச் சுவரில்தான் எழுத வேண்டும். முன்பெல்லாம் ணை, லை, ளை, னை நான்குக்கும் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு உண்டு. 1978-ல் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்தில் அது போயிற்று. பெரியவர் அதற்கு முன்பே தம் தகப்பனாரிடம் தொழில் பழகியவர்.

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. இரண்டு நாள் வேலையை இயந்திரம் சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறது. மகன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டான். பெரியவருக்குக் கோபமில்லை. "அதுதானே தம்பி, இப்போ அடுப்பை எரியவைக்குது" என்கிறார்.

வெயிலில் ஃப்ளெக்ஸ் வெளுத்துப் போய், எனாமலில் எழுதித் தரச் சொல்லி எப்போதாவது ஒருவர் வருவார். அன்று பெரியவர் குளித்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவார். கடைப் பெயரெல்லாம் புது எழுத்துத்தான். ஆனால் உச்சியில் எழுதும் 'முருகன் துணை'க்கு மட்டும் துதிக்கை உண்டு. இதுவரை ஒரு கடைக்காரரும் ஆட்சேபித்ததில்லை.