ஏர் ஃபில்டரில் ஒரு பேனாக்கோடு

"காருல நாம கை வைக்கக் கூடாது சார். காசு போனாப் போவுது, கம்பெனியில விட்டுட்டா நிம்மதி." பெண்ணாடம் கடைத்தெருவில் புதிதாகக் கார் எடுத்தவர்களுக்கு இனிப்போடு சேர்ந்து கிடைக்கும் அறிவுரை இது. வாத்தியார் சொல்கிறார், உரக்கடைக்காரர் சொல்கிறார், கரும்பு வெட்டுக்கு டிராக்டர் ஓட்டியவர்கூடச் சொல்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறான அறிவுரை. பணத்தை மட்டும் கெடுத்தால் பரவாயில்லை, பாதுகாப்பையும் சேர்த்துக் கெடுக்கிறது.

எங்கள் பகுதியின் சாலைகளை எடுத்துக்கொள்வோம். வெள்ளாற்றைத் தாண்டினால் ஆலத்தியூர், தளவாய் சிமெண்ட் ஆலைகள். பகலும் இரவும் லாரி போகிறது. வாசலில் நிறுத்திய காரின் மேல் விரலால் பெயர் எழுதலாம்; அவ்வளவு மாவு படிந்திருக்கும். அந்தக் காற்றைத்தான் என்ஜினும் இழுக்கிறது. புழுதி மிகுந்த இடத்தில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று காரோடு வரும் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கையேடு டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு விடும்போது யாரோ பார்ப்பார் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலான கார்களில் அந்த ஃபில்டரை எடுக்க நாலைந்து கிளிப் அல்லது ஸ்குருவைத்தான் கழற்ற வேண்டும். பத்து நிமிட வேலை.

சில வருடங்களுக்கு முன் நான் அப்படி எடுத்து உதறிவிட்டு, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று மறக்காமலிருக்க அதன் ரப்பர் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். அடுத்த வாரமே வண்டி ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனது. பில்லில் ஏர் ஃபில்டர் புதிது என்று ஒரு வரி, அதை மாற்றியதற்கு லேபர் என்று இன்னொரு வரி. வீட்டுக்கு வந்து பானட்டைத் திறந்தால் என் கோடு அப்படியே இருந்தது. திரும்பப் போய்க் காட்டினேன். "பையன் மறந்துட்டான் சார்" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறந்தே இருக்கலாம். சாயங்காலத்துக்குள் வரிசையாக நிற்கும் அத்தனை வண்டியையும் வெளியே அனுப்ப வேண்டிய பையன் அவன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கோடு இல்லாவிட்டால் அந்தத் தவறு நடந்தது எனக்கும் தெரிந்திருக்காது, அவர்களுக்கும் தெரிந்திருக்காது. நிம்மதி என்று நாம் காசு கொடுத்து வாங்குவது இந்தத் தெரியாமையைத்தான்.

சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டார் பிறந்த ஊர் எங்கள் பெண்ணாடம். அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை, அதாவது ஒன்றை அறியும் வழிகளை, வரிசைப்படுத்தும்போது, அவை எத்தனை என்று எண்ணினாலும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும் என்கிறார். கார் விஷயத்தில் நாம் முதல் இரண்டையும் கைவிட்டு உரையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் சர்வீஸ் அட்வைசரின் உரையை. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதலுக்குத் தருக்க நூல்கள் வழிவழியாகக் காட்டும் உதாரணம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது, வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலண்ட் உள்ளே கசியலாம் என்று அறிவதும் அதே அறிவுதான். அதற்கு ஐ.டி.ஐ. படிக்க வேண்டியதில்லை. டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு ஆயில் அளவு பார்ப்பதற்கும், டயரில் காற்று பார்ப்பதற்கும், பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்வதற்கும் கண்ணும் கையும் போதும்.

பின் ஏன் செய்ய மாட்டேன் என்கிறோம்? நேரமில்லை என்பது வெறும் சாக்கு. கையில் கிரீஸ் படிவது நம் ஊரில் கௌரவக் குறைவு. ஸ்பானர் பிடிப்பது படிக்காத பிள்ளையின் வேலை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டோம். நடுரோட்டில் டயர் பஞ்சரானால் ஸ்டெப்னியும் ஜாக்கியும் டிக்கியில் இருக்க, குடும்பத்தோடு வெயிலில் நின்று போன் போட்டுக்கொண்டிருப்பவர்களை விருத்தாசலம் சாலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்து மாட்டியே இயந்திரம் கற்ற ஜி.டி. நாயுடு பிறந்த மாநிலம் இது. பள்ளிப் படிப்பை முடிக்காத அவர் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அவரைப் பற்றிப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டியில் பேச வைக்கிறோம். அதே பிள்ளை வீட்டு வண்டியின் பானட்டைத் திறந்தால் "ஏய், கை வைக்காத" என்று அதட்டுகிறோம்.

வீடியோ பார்த்துவிட்டு பிரேக்கைப் பிரிக்கிறவரை நான் ஆதரிக்கவில்லை. பிரேக், ஸ்டீரிங், ஏர்பேக் இவற்றில் தெரியாதவர் கை வைப்பது உயிரோடு விளையாடுவது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது. கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற ஒயர்களின் பக்கமே போகக் கூடாது. இவையெல்லாம் மெக்கானிக்கின் வேலை. ஆனால் தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் தேய்ந்த டயரும், தரையில் புதிதாக விழுந்த ஆயில் சொட்டும், மெல்லக் குறைந்துவரும் பிரேக் ஆயிலும் நேரத்தில் தெரியும். வருடத்தில் ஒருநாள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மெக்கானிக்குகளிலும் நாம் இரண்டு சாதி வைத்திருக்கிறோம். கண்ணாடிக் கதவு போட்ட இடத்தில், கேட்காமலே சேர்த்த என்ஜின் ஃப்ளஷ்ஷுக்கும் ஏசி கிளீனிங்குக்கும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். புளியமரத்தடிப் பட்டறையில் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறோம். "பாத்ததுக்கெல்லாம் காசா தம்பி?" என்று கேட்கிறோம். பார்ப்பதுதான் அந்தத் தொழிலிலேயே கடினமான பகுதி. ஸ்கேனர் ஒரு கோளாறு எண்ணைக் காட்டும். கோளாறு எங்கே உணரப்பட்டது என்றுதான் அது சொல்லும், எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. அங்கிருந்து ஒயரா, சென்சாரா, எங்காவது காற்றுக் கசிவா என்று தேடிப் போவது மனித மூளை. அந்த மூளைக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும், தாராளமாக.

அந்தப் பட்டறைக்காரருக்கு நல்ல ஸ்கேனரும் உதிரிபாகமும் கிடைக்காமல் போனது தற்செயல் அல்ல. கார் கம்பெனிகள் அவற்றைத் தங்கள் டீலர்களுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தன. 2011இல் ஒரு தனிமனிதர் கொடுத்த மனுவில் தொடங்கிய விசாரணையின் முடிவில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் கோளாறு கண்டறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. வண்டியை வெளியில் பழுதுபார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது. அபராதத் தொகை மேல்முறையீடுகளில் சிக்கியது. 2016இல் சில கம்பெனிகளுக்குக் குறைக்கவும் பட்டது. 2022இல் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளம் ஒன்றையும் திறந்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் காரும் உண்டு, எங்கள் வயல்களில் ஓடும் விவசாயக் கருவிகளும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் கடைத்தெருவில் "வெளிய காட்டுனா வாரண்டி போயிடும்" என்ற வாசகம் தேயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாரண்டி இருக்கும்வரை கையேடு சொல்லும் காலத்து சர்வீஸ்களைக் கம்பெனியிலேயே செய்துகொள்ளுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பஞ்சர் ஒட்டினீர்கள், பேட்டரி மாற்றினீர்கள், ஃபில்டரைத் தொட்டீர்கள், அதனால் வாரண்டி போயிற்று என்று கவுண்டரில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். வாரண்டிப் புத்தகத்தை மேசைமேல் வைத்து, எந்தப் பக்கத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால், நீங்கள் தொட்ட பாகத்தால்தான் இந்தக் கோளாறு வந்தது என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.