குட்டியா விழும்

போன வாரம் பேத்தியின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ‘நண்பகலில் நமது நிழல் ______’ என்று கோடிட்ட இடம். அதில் கோணல்மாணலாக ‘குட்டியா விழும்’ என்று எழுதியிருக்கிறாள். அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. பக்கத்தில் டீச்சரின் கையெழுத்தில் ‘விழாது’. அதை ஐந்து தரம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள், பிள்ளையும் எழுதியிருக்கிறது. ஐந்தாவது ‘விழாது’ கோட்டை விட்டு இறங்கி, அடுத்த வரியில் போய்க் கிடக்கிறது. பார்த்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

‘குட்டியா’ பேச்சுத் தமிழ், ‘குட்டையாக’ என்று திருத்தியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். பதிலே தப்பு என்றால் எப்படி? அவள் அதை எங்கேயும் மனப்பாடம் செய்யவில்லை. மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று கண்ணால் பார்த்து எழுதியது.

இந்தப் பிள்ளைக்கு நிழல் என்றால் சின்ன வயசிலிருந்தே உயிர். ஒன்றரை வயசில் அதைக் கண்டு பயந்து என் புடவைக்குள் ஒளிந்துகொண்டவள். இரண்டு வயசில் அதன் தலையை மிதிக்கத் தாவித் தாவிக் குதிப்பாள், தலை அதற்குள் ஓர் அடி தள்ளிப் போயிருக்கும். ஒருநாள் சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நிழல்மேல் ஊற்றிவிட்டு, “அம்மாச்சி, இது நனையவே இல்ல” என்றாள். ராத்திரி கடைக்குப் போய்த் திரும்பும்போது தெருவிளக்குகளுக்கு நடுவே நடந்தால் கேட்கவே வேண்டாம். விளக்கை நெருங்க நெருங்கப் பின்னால் வந்த நிழல் சுருங்கும். விளக்கைத் தாண்டியதும் காலடியிலிருந்து கிளம்பி முன்னால் நீளும். “என்னை முந்திப் போகுது” என்று கத்திக்கொண்டு பிடிக்க ஓடுவாள். அடுத்த விளக்கடியில் மறுபடி ஆரம்பம். ஐந்து நிமிட வழி அரை மணி நேரம் ஆகும். ஆகட்டுமே! எங்களுக்கு என்ன ரயிலா கிளம்பிவிடப் போகிறது?

போன மார்கழி அரையாண்டு விடுமுறையில் ஒரு மத்தியானம் மாடியில் அவளை நிற்கவைத்து, கோலத்துக்கு வாங்கிய சாக்பீஸால் நிழலின் உச்சந்தலையில் கோடு போட்டேன். அவள் உயரத்தில் முக்கால் பங்கு நீளம், வடக்குப் பக்கமாக. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி நின்றாள். நிழல் ஒரு சாண்கூட இல்லை. அதைவிட, அது தெற்குப் பக்கம் கிடந்தது. “அம்மாச்சி, இந்தப் பக்கம் வந்துடுச்சு!” என்று அவள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்துக்கு இரண்டே நாள்தான். ஏப்ரல் 24 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒன்று. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும், பிறகு ஒவ்வொரு ஊராக வடக்கே ஏறும். அந்த இரண்டு நாளில் மட்டும்தான் நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. இடைப்பட்ட மாதங்களில் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்பதால் மத்தியான நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். ஏழு வயசுப் பிள்ளை இதில் பாதியைத் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டு வந்து நிற்கிறது. அதற்குத்தான் அந்தப் பெருக்கல் குறி.

டீச்சரை மட்டும் குறை சொல்லி என்ன? மே மாதம் குடும்பத்தோடு தஞ்சாவூர் போனோம். காலை ஒன்பது மணிக்கே பெரிய கோயில் தளக்கல் காலைச் சுட்டது. விமானத்துக்குப் பின்னால், மேற்குப் பிராகாரத்தில் எல்லோரும் ஓடிப்போய் நிழலில் நின்றோம். எங்களோடு வந்த சின்னத்தாத்தா முறைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இந்தக் கோபுர நிழல் மட்டும் தரையில் விழவே விழாது, அப்படி ஒரு கட்டுமானம்” என்றார். பேத்தி காலடியைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். “அப்போ நாம எதுல நிக்கிறோம் தாத்தா?” நியாயமான கேள்வி. அவர் முகம் மாறிவிட்டது. “பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே” என்று அதட்டினார். என் மகளும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். 1010-இல் கட்டி முடித்து, ஆயிரம் வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிற கோயில் அது. ராஜராஜன் புகழுக்கு இந்த இல்லாத கதை எதற்கு? 200 அடி விமானத்தின் நிழலில் நின்றுகொண்டே நிழல் இல்லை என்கிறோம். பிள்ளை வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம்!

வீட்டிலும் இதே பாடுதான். “வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே” என்று என் மகளே சொல்கிறாள். பெண்பிள்ளை என்றால் இந்தப் பேச்சு இன்னும் கூடுதல். கறுத்தால் என்ன குறைந்துவிடும்? நான் கறுப்புதான், என் அம்மா என்னைவிடக் கறுப்பு. வயலில் நின்று, தன் நிழலைக் காலடியால் அளந்தே கஞ்சி கொண்டுபோகும் நேரத்தைச் சொல்வாள் அவள்.

இப்போது மாடிக்கும் பூட்டு விழுந்துவிட்டது. சாக்பீஸ் கோட்டைப் பார்த்துத் தரை பாழாகிறது என்று யாரோ புகார் சொல்ல, சாவி அசோசியேஷன்காரர்கள் கைக்குப் போய்விட்டது. ஒரு மழைக்குத் தாங்காத கோடு அது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் வெயிலே கிடையாது. வாசலில் நின்றால் பைக்குகள் பறக்கின்றன. எங்கேதான் போய்த் தன் நிழலைப் பார்க்கும் இந்தப் பிள்ளை? வராந்தாவில் இரண்டு டியூப்லைட்டுக்கு நடுவில் மங்கலாக விழும் இரண்டு நிழலைக் காட்டி, “எனக்கு ரெண்டு பேர் இருக்காங்க அம்மாச்சி” என்கிறாள். கேட்கும்போது நெஞ்சை அடைக்கிறது.

இந்த ஆகஸ்ட் 18-ஆம் தேதி மத்தியானம் 12 மணி 13 நிமிடம் வாக்கில் சென்னையில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சில வருஷம் ஒரு நாள் முன்பின் ஆகலாம். அன்றைக்கு ஒரு கால் மணி நேரம் மாடிக் கதவைத் திறந்துவிடுங்கள். டீச்சரம்மா, நீங்களும் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கம்பை நட்டுக் காட்டுங்கள். அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். கம்புக்கு வடக்கே, குட்டியாக, நிழல் விழுந்திருக்கும்.